சுவிட்ச் அப்டேட் பாதியில் நின்னுடுச்சு – இமேஜ் இல்லாத கேட்டலிஸ்ட் 2960-ஐ எப்படி மீட்கிறது?

கிந்தாக்கரை (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க டவுன்ல தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு மாலை வகுப்பு நடத்துற ஒரு மண்டபம் இருக்கு. அங்க நெட்வொர்க் பார்க்கிறது என் வேலை, சம்பளம் இல்லாத வேலை. சுவிட்ச் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960, 24 போர்ட், பிஓஇ கிடையாது. ஈப்போவுல ஒரு ஆபீஸ் மூடினப்போ மண்டபத்துக்குக் கொடுத்தாங்க.

அதுல ஓடுற ஐஓஎஸ் (சிஸ்கோவோட இயங்குதளம், அந்த ஃபைலைத்தான் இமேஜ்னு சொல்றது) ரொம்பப் பழசு, 12.2. அதை 15.0-க்கு ஏத்த டிஎஃப்டிபி (நெட்வொர்க் வழியா ஃபைல் அனுப்புற எளிய முறை) வழியா காப்பி ஓடிக்கிட்டு இருந்துச்சு. சாயங்கால இடி. ஈஎல்சிபி (மின்கசிவு வந்தா கரண்டை நிறுத்துற பெட்டி) தட்டிருச்சு, மண்டபம் முழுக்க இருட்டு. கரண்டு வந்த பிறகு சுவிட்ச்ல ஃபேன் சுத்துது, போர்ட் விளக்கு ஒன்னும் எரியல. கன்சோல் வயர் போட்டுப் பார்த்தா, தானா பூட் ஆக முடியல, பூட் மாறியில் சரியான இமேஜ் பெயர் வேணும்னு ஒரு செய்தி. அதுக்குக் கீழ "சுவிட்ச்:" அப்படின்னு ஒரு வரி, அவ்வளவுதான்.

ஈப்போ கடையில கேட்டேன். "போர்டு போச்சு, தூக்கிப் போடு"ன்னு சொல்றாங்க. எஸ்பிஎம் பரீட்சை எழுதுற பிள்ளைங்க இங்க வந்துதான் டெலிமாவுல (கல்வி அமைச்சோட இணையக் கற்றல் தளம்) பாடம் பார்க்கிறாங்க. பாதிப் பேர் வீட்டுல லைன் கிடையாது. இதை உயிர்ப்பிக்க வழி இருக்கா?

வயர்மேன்_தாப்பா

இருக்கு தம்பி, பயப்படாதீங்க. "சுவிட்ச்:" வருதுன்னா போர்டு போகலை. செல்ஃப் ஸ்டார்ட் போனாலும் கிக்கர்ல ஓடுற கப்சாய் மோட்டார் சைக்கிள் மாதிரிதான் அது. அந்த வரியைக் காட்டுறது பூட் லோடர், கரண்டு வந்ததும் முதல்ல ஓடி ஐஓஎஸ்-ஐ எழுப்புற சின்ன நிரல். ஐஓஎஸ் கிடக்கிற ஃபிளாஷ்ல அது இல்லை, வேற இடத்துல தனியா இருக்கு. ஐஓஎஸ் அழிஞ்சாலும் அது அழியாது.

கடைக்காரங்க கன்சோல் போட்டுப் பார்த்தாங்களா, விளக்கை மட்டும் பார்த்துட்டுச் சொன்னாங்களான்னு கேளுங்க. விளக்கைப் பார்த்தே செத்துப் போச்சுன்னு தீர்ப்புச் சொல்ற பழக்கம் நம்ம பக்கம் அதிகம். நல்ல சுவிட்ச் எத்தனையோ இரும்புக் கடைக்குப் போயிருக்கு, எனக்கு வயிறு எரியுது.

நெட்வொர்க் அக்கா

தம்பி, முதல்ல எதையும் அழிக்காதீங்க, ஃபார்மேட் கட்டளை பக்கமே போகாதீங்க. இந்த 2960-ல உங்க செட்டிங் எல்லாம் ஃபிளாஷ்லயே "கான்ஃபிக்.டெக்ஸ்ட்"னு ஒரு ஃபைலா இருக்கு. விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கிறது) பட்டியல் "விஎல்ஏஎன்.டேட்"ல. ஃபார்மேட் பண்ணினா ரெண்டும் சேர்ந்து போயிடும்.

கட்டளைகளை வாயால சொல்ற மாதிரி தமிழ்ல எழுதுறேன், நீங்க கீபோர்டுல ஆங்கிலத்துல தட்டுங்க. பெரிய எழுத்து வேண்டிய இடத்தைச் சொல்லிடுறேன்.

"ஃபிளாஷ்_இனிட்" போடுங்க. நடுவுல இருக்கிறது அடிக்கோடு, இடைவெளி இல்லை. இதைப் போட்டாத்தான் பூட் லோடருக்கு ஃபிளாஷ் கண்ணுல படும். "ஏற்கெனவே ஆயிடுச்சு"ன்னு சொன்னா விட்டுடுங்க. அடுத்து "டிர் ஃபிளாஷ்:". கடைசியில முக்காற்புள்ளி கட்டாயம்.

வர்ற பட்டியல்ல மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. பெயர் ".பின்"னு முடியுற இமேஜ் ஃபைல் ஏதாவது இருக்கா? கான்ஃபிக்.டெக்ஸ்ட் இருக்கா? கடைசி வரியில எத்தனை பைட் காலின்னு காட்டுது? கூடவே சுவிட்ச் பின்னாடி ஒட்டியிருக்கிற முழு மாடல் எண்ணும் வேணும். கடைசி எழுத்து எல்-லா எஸ்-ஸாங்கிறது முக்கியம்.

கிந்தாக்கரை

நன்றி அக்கா. மாடல் டபிள்யூஎஸ்-சி2960-24டிடி-எல். கான்ஃபிக்.டெக்ஸ்ட் இருக்கு, விஎல்ஏஎன்.டேட் இருக்கு. பின் ஃபைல் ஒன்னுகூட இல்லை. காலி இடம் 20 மில்லியன் பைட்டுக்கு மேல காட்டுது.

எனக்கு முன்னாடி பார்த்தவங்க விட்டுட்டுப் போன நோட்டுல, பழைய இமேஜை அழிச்சுட்டுப் புதுசை ஏத்தணும்னு வரிசை போட்டு எழுதியிருக்கு. அந்த வரிசைப்படிதான் வேலை நடந்துச்சு.

நெட்வொர்க் அக்கா

அந்த வரிசை பழைய சின்ன ஃபிளாஷ் காலத்துது. 8 எம்பி, 16 எம்பி ஃபிளாஷ்ல வேற வழி இல்லாம இருந்துச்சு. உங்க 2960-ல 32 எம்பி இருக்கு. உங்க மாடலுக்கான இமேஜ், லேன்பேஸ்னு பெயர், சுமார் 12 எம்பி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தாராளமா உட்காரும். புதுசு பூட் ஆகி ஒரு வாரம் ஓடுற வரைக்கும் பழசைத் தொடவே வேண்டாம். நோட்டுல அந்த வரியை முதல்ல அடிச்சுடுங்க.

மாடல் எல்-னு முடியுது, அப்படின்னா லேன்பேஸ். எஸ்-னு முடிஞ்சா லேன்லைட், அதுக்கு இமேஜ் வேற. 2960-எஸ், 2960-எக்ஸ் இதெல்லாம் பெயர்ல அண்ணன் தம்பி மாதிரி தெரியும், ஆனா அதோட இமேஜ் உங்களுக்கு ஆகாது. ஃபைல் பெயர் "சி2960-லேன்பேஸ்கே9"ன்னு ஆரம்பிக்கணும். கே9 இருந்தாத்தான் எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து சுவிட்சுக்குள்ள போற பாதுகாப்பான வழி) வரும். அது இல்லாத இமேஜ்ல பாஸ்வேர்டைக்கூட மறைக்காம அனுப்புற டெல்நெட் மட்டும்தான், அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இமேஜ் எங்க இருந்து எடுக்கப் போறீங்க?

செம்பனைநிழல் (பாடாங் செராய்)

என்கிட்ட ஒரு தளத்தோட லிங்க் இருக்கு, எல்லா சிஸ்கோ இமேஜும் அங்க கிடைக்கும். தனிச்செய்தியில அனுப்பவா?

நெட்வொர்க் அக்கா

வேண்டாம். உதவி பண்ற மனசு புரியுது, ஆனா வேண்டாம். உரிமம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஃபைலை யாராவது திருத்தி வச்சிருந்தா, மண்டபத்துல ஓடுற ஒவ்வொரு பாக்கெட்டும் அதுக்குள்ளதான் போகும். பிள்ளைங்க பாஸ்வேர்டு, ஆசிரியர் ஈமெயில், பக்கத்து கேமரா எல்லாம். கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்தா யாராவது கவனிப்பாங்க. சுவிட்ச்ல வந்தா யார் பார்க்கிறாங்க?

கிந்தாக்கரை தம்பி, அதே மாடல் வேற ஒன்னு உங்க டவுன்ல ஓடுதா? அந்த ஆபீஸ் ஒன்னுக்கு மேல கொடுத்திருப்பாங்களே?

கிந்தாக்கரை

ஆமாக்கா, கோயில் மண்டபத்துல ஒன்னு இருக்கு. ரெண்டும் ஒரே நாள்ல வந்தது. அதுல 15.0 ஓடுது, ஏற்கெனவே யாரோ ஏத்தியிருக்காங்க.

நெட்வொர்க் அக்கா

அப்போ பாதி வேலை முடிஞ்சது. ஓடிக்கிட்டு இருக்கிற சுவிட்ச்ல இருந்து இமேஜை லேப்டாப்புக்கு எடுக்கலாம், அது நிக்காது. கோயில்ல யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க.

லேப்டாப்ல ஒரு டிஎஃப்டிபி சர்வர் ஓட விடுங்க. விண்டோஸ் ஃபயர்வால்ல யூடிபி 69 திறந்திருக்கணும், பெரும்பாலும் அங்கதான் மாட்டும். சுவிட்ச்ல "ஷோ வெர்ஷன்" போட்டா எந்த இமேஜ்ல பூட் ஆச்சுன்னு முழுப் பாதையோடு காட்டும். பிறகு "காப்பி ஃபிளாஷ்: டிஎஃப்டிபி:". ஃபைல் பெயர், லேப்டாப் ஐபி ரெண்டும் கேட்கும்.

எடுத்த பிறகு சரிபார்க்காம விடாதீங்க. எம்டி5-ங்கிறது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நீள எண். சுவிட்ச்ல "வெரிஃபை /எம்டி5 ஃபிளாஷ்:" போட்டு ஃபைல் பெயர் கொடுங்க. லேப்டாப்ல "செர்ட்யுடில் -ஹேஷ்ஃபைல்" போட்டு ஃபைல் பெயர், கடைசியில எம்டி5. ரெண்டு நீள எண்ணும் ஒன்னா இருக்கணும். அதோட நிக்காம சிஸ்கோ தரவிறக்கப் பக்கத்துல அதே ஃபைல் பெயர் மேல மவுஸை வச்சா அவங்க போட்டிருக்கிற எம்டி5 தெரியும். அதுவும் ஒத்துப்போனா அந்த ஃபைல் சுத்தம்.

கூலிம்_டெக்

குறுக்கே பேசுறதுக்கு மன்னிக்கணும். இவ்வளவு பாடுபடணுமா? இந்த மாடலுக்கு சிஸ்கோ ஆதரவை நிறுத்தி வருஷக்கணக்காச்சு. இனிமே ஓட்டை கண்டுபிடிச்சாலும் அடைக்க மாட்டாங்க. புது 24 போர்ட் ஜிகாபிட் சுவிட்ச் இப்போ நிறைய விலை இல்லை. 2960-24டிடி-ல 24 போர்ட்டும் 100 மெகாபிட்தான், ஜிகாபிட் ரெண்டே ரெண்டு. மண்டபக் கமிட்டிகிட்ட பேசி வசூல் பண்ணிப் புதுசு வாங்குங்க. என் வேலையிடத்துல ஆதரவு முடிஞ்ச பெட்டியை ரேக்ல வைக்கவே விட மாட்டாங்க, அதுக்குக் காரணம் இருக்கு.

வயர்மேன்_தாப்பா

கூலிம் தம்பி சொல்றது தொழிற்சாலைக்குச் சரி. தோட்ட டவுன் மண்டபத்துல வசூல்னா என்னன்னு தெரியுமா? வசூல் ஆகுற காசு முதல்ல ஆசிரியருக்குப் பெட்ரோலுக்குப் போகும், அப்புறம் பிள்ளைங்க சாப்பாட்டுக்கு. அதுவும் மலிவா கிடைக்கிற அன்மேனேஜ்ட் பெட்டியில விஎல்ஏஎன் கிடையாது. கேமராவையும் பிள்ளைங்க கம்ப்யூட்டரையும் ஒரே வாய்க்கால்ல விட்டா அது பாதுகாப்பா?

கூலிம்_டெக்

அண்ணே, விஎல்ஏஎன் உள்ள மலிவு மாடலும் இருக்கு. ஆனா காசு விஷயம் புரியுது, அதுல நான் வாதாடலை. ஒன்னு மட்டும் அழுத்திச் சொல்றேன். மீட்டா மட்டும் போதாது, கதவுகளை மூடணும். 2017 மார்ச்ல சிஸ்கோவே வெளியிட்ட எச்சரிக்கை, சிவிஇ-2017-3881 (சிவிஇ-ங்கிறது பாதுகாப்பு ஓட்டைக்குக் கொடுக்கிற பதிவு எண்). டெல்நெட் வழியா சுவிட்சையே கைப்பற்றலாம். 300-க்கு மேல மாடல், 2960 அதுல ஒன்னு. அடுத்தது ஸ்மார்ட் இன்ஸ்டால் (புது சுவிட்சுக்குத் தூரத்துல இருந்தே செட்டிங் ஏத்துற வசதி), டிசிபி 4786, சிவிஇ-2018-0171. 2018 ஏப்ரல்ல இந்த ஸ்மார்ட் இன்ஸ்டால் கதவு வழியாவே ஈரான்ல ஆயிரக்கணக்கான சுவிட்சுகளோட செட்டிங்கை அழிச்சாங்க. இது கதை இல்லை, நடந்தது.

டெல்நெட்டை மூடி எஸ்எஸ்எச் மட்டும் விடுங்க. "நோ விஸ்டாக்" போட்டு ஸ்மார்ட் இன்ஸ்டாலை நிறுத்துங்க. நிர்வாக ஐபியைப் பிள்ளைங்க விஎல்ஏஎன்ல வைக்காதீங்க. இவ்வளவும் செஞ்சா, இன்டர்நெட் நேரா தொடாத உள் சுவிட்சா இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்னு நான் ஒத்துக்கிறேன்.

நெட்வொர்க் அக்கா

கூலிம் தம்பி சொன்ன மூணும் சரி. அப்டேட்டே அதுக்காகத்தானே. இந்த இழையில இதுவரைக்கும் வந்த பதிவுகள்ல அதுதான் பத்திரப்படுத்த வேண்டியது.

கிந்தாக்கரை

கோயில் சுவிட்ச்ல இருந்து ஃபைல் எடுத்தாச்சு. எம்டி5 மூணு இடத்துலயும் ஒத்துப்போகுது. இப்போ செத்த சுவிட்சுக்குள்ள எப்படி ஏத்துறது? பூட் லோடர்ல டிஎஃப்டிபி போட்டா தெரியாத கட்டளைங்கிற மாதிரி சொல்லுது.

நெட்வொர்க் அக்கா

இந்த மாடல்ல பூட் லோடருக்கு நெட்வொர்க் தெரியாது. 2960-எஸ், எக்ஸ் மாதிரி பின்னாடி தனி நிர்வாகப் போர்ட்டும் யூஎஸ்பி ஓட்டையும் உள்ள மாடல்னா அந்த வழி உண்டு. உங்களுக்கு இருக்கிறது கன்சோல் வயரும், அது வழியா ஃபைல் அனுப்புற பழைய முறையான எக்ஸ்மோடமும் மட்டும்.

கன்சோலுக்குப் புட்டி நிரல் வேண்டாம், அதுல எக்ஸ்மோடம் கிடையாது. டெரா டெர்ம் எடுத்துக்குங்க, இலவசம்தான். 9600, எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. "சுவிட்ச்:" தெரிஞ்ச பிறகு வேகத்தைக் கூட்டணும். "செட் பாட் 115200". இதுல பாட் (பி-ஏ-யூ-டி) நாலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்துல போட்டா வேலை செய்யாது. என்டர் தட்டின உடனே திரையில குப்பை எழுத்து வரும். டெரா டெர்ம்லயும் வேகத்தை 115200-க்கு மாத்துங்க, வரி திரும்பித் தெளிவா வந்துடும்.

பிறகு "காப்பி எக்ஸ்மோடம்: ஃபிளாஷ்:" போட்டு ஒட்டி ஃபைல் பெயர். சி சி சின்னு எழுத்து வந்துக்கிட்டே இருக்கும். சுவிட்ச் உங்களைக் கூப்பிடுதுன்னு அர்த்தம். ஃபைல் மெனுவுல டிரான்ஸ்ஃபர், எக்ஸ்மோடம், சென்ட். 1கே-ன்னு ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுட்டு ஃபைலைத் தேர்ந்தெடுங்க.

ஒரு முக்கியமான விஷயம். சுவிட்சை யூபிஎஸ்-ல போட்டுத்தான் இதை ஆரம்பிக்கணும். இப்போ இடைமழைக் காலம். மத்தியானம் மூணு மணிக்கு மேல ஆரம்பிக்காதீங்க, காலையில வேலையைப் பாருங்க.

எக்ஸ்சேஞ்ச் ஐயா (தெலுக் இந்தான்)

வணக்கம். தொலைபேசி நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வேகத்தை ஏன் கூட்டச் சொல்கிறார்கள் என்பதைத் தம்பி தெரிந்துகொண்டால் நல்லது. காரணம் தெரிந்தால் பாதி வழியில் பதற்றம் வராது.

சீரியல் வயரில் ஒரு பைட்டுக்குப் பத்து பிட் போகிறது: எட்டு தரவு, ஒரு தொடக்கம், ஒரு முடிவு. ஆகவே 9600-இல் நொடிக்கு 960 பைட்தான். 12 மில்லியன் பைட்டை 960-ஆல் வகுத்தால் 12,500 நொடி, அதாவது மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எக்ஸ்மோடம் ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வரும்வரை காத்திருப்பதால் அதற்கும் மேலேயே ஆகும். 115200-இல் அதே கணக்கு பன்னிரண்டில் ஒரு பங்கு: பதினேழு பதினெட்டு நிமிடம், நடைமுறையில் கொஞ்சம் கூடும்.

எக்ஸ்மோடத்தை வார்ட் கிறிஸ்டென்சன் என்பவர் சிகாகோவில் 1977-இல் எழுதினார். 128 பைட் துண்டு, அதன் கூட்டுத்தொகை, சரி என்றால் அடுத்தது, தவறு என்றால் அதையே மறுபடி. அவ்வளவுதான் அதன் விதி. நெட்வொர்க் இல்லாத, ஐஓஎஸ் இல்லாத ஒரு பெட்டி இந்தச் சிறு விதியை நம்பி எழுந்து நிற்கிறது என்பதை நினைக்கும்போது, அந்தக் காலத்தவர்கள் சிக்கனமாக எழுதியதன் அருமை தெரிகிறது. 1கே என்பது அதே விதியில் 1024 பைட் துண்டு, காத்திருப்பு குறையும்.

டிஎஃப்டிபி பற்றியும் ஒரு சொல். 512 பைட் துண்டு, 16 பிட் எண். எனவே பழைய சர்வர்களில் 32 எம்பிக்கு மேல் ஃபைல் போகாது. உங்கள் 12 எம்பிக்குக் கவலையில்லை. புதிய மாடல்களின் பெரிய இமேஜை ஏற்றுகிறவர்கள் பாதியில் நின்றால் வயரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்கவும்.

கிந்தாக்கரை

ஐயா, இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி.

காலையில ஆரம்பிச்சேன். 115200-ல நல்லா ஓடிக்கிட்டு இருந்து நடுவுல நின்னுடுது. திரும்பப் போட்டா வேற இடத்துல நிக்குது. யூபிஎஸ்-லதான் இருக்கு, கரண்டு போகலை.

வயர்மேன்_தாப்பா

வயரைச் சொல்லுங்க. யூஎஸ்பி-ல இருந்து நேரா வெளிர்நீல வயரா? இல்ல யூஎஸ்பி சீரியல் மாத்தி (அடாப்டர்) தனி, நீல வயர் தனியா?

கிந்தாக்கரை

தனித்தனி அண்ணே. மாத்தி ஆன்லைன்ல வாங்கினது, ரொம்ப மலிவு. லேப்டாப்ல இருந்து ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வேற போட்டிருக்கு, ரேக் உயரத்துல இருக்கு.

வயர்மேன்_தாப்பா

நீட்டிப்பைக் கழட்டுங்க. சுவிட்சை ரேக்ல இருந்து இறக்கி மேசையில வைங்க, இப்போ அது எதுக்கும் இணைப்பா இல்லையே. மலிவு மாத்தியில போலிச் சிப் இருந்தா 9600-ல நல்லவன் மாதிரி நடக்கும், வேகம் கூடினா பைட்டை விழுங்கும். புது விண்டோஸ்ல சிலது டிரைவரையே ஏத்துக்காது. லேப்டாப் தூங்கப் போகாம இருக்கவும் பார்த்துக்குங்க. பவர் செட்டிங்ல யூஎஸ்பி-யை நிறுத்துற தேர்வு ஒன்னு இருக்கு, அதை எடுத்துடுங்க.

அப்பவும் நின்னா 57600-க்கு இறங்குங்க. ஐயா கணக்குப்படி முப்பத்தஞ்சு நிமிஷம். நிம்மதியா ஒரு தே தாரிக் குடிச்சுட்டு வரலாம்.

நெட்வொர்க் அக்கா

பாதியில நின்ன ஃபைல் ஃபிளாஷ்ல கிடக்கும். அடுத்த முறைக்கு முன்னாடி "டிர் ஃபிளாஷ்:" பாருங்க, அளவு குறைஞ்ச ஃபைல் இருந்தா "டெலிட் ஃபிளாஷ்:" போட்டு அந்தப் பெயரை மட்டும் அழிங்க. கான்ஃபிக்.டெக்ஸ்ட்ல கை வைக்காதீங்க.

செம்பனைநிழல்

அக்கா, லிங்க் விஷயத்துல நீங்க சொன்னதை யோசிச்சேன், சரிதான். ஒரு சந்தேகம். எங்க மண்டபத்துல மைக்ரோடிக் சிஆர்எஸ் இருக்கு, எச்பி புரோகர்வ் ஒன்னும் இருக்கு. அதுக்கெல்லாம் இதே எக்ஸ்மோடம் பாடா?

கூலிம்_டெக்

இல்லை, ரெண்டும் சுலபம்.

புரோகர்வ்ல இமேஜுக்கு ரெண்டு அறை இருக்கு, பிரைமரி, செகண்டரி. அப்டேட்டுக்கு முன்னாடி "காப்பி ஃபிளாஷ் ஃபிளாஷ் செகண்டரி" போட்டா ஓடுற இமேஜோட நகல் செகண்டரிக்குப் போயிடும். புதுசைப் பிரைமரியில ஏத்துங்க. தகராறுன்னா "பூட் சிஸ்டம் ஃபிளாஷ் செகண்டரி". எனக்குப் பிடிச்ச அமைப்பு இது.

மைக்ரோடிக்ல நெட்இன்ஸ்டால். லேப்டாப்புக்கு நிலையான ஐபி கொடுத்து, ஃபயர்வாலை அணைச்சு, பெட்டியோட பூட் போர்ட்ல வயர் போடுங்க. பெரும்பாலும் முதல் போர்ட், ஆனா மாடலோட கையேட்டைப் பாருங்க. ரீசெட் பொத்தானை அழுத்திக்கிட்டே கரண்டு கொடுங்க. விளக்கு எரிஞ்சு, மினுக்கி, அப்புறம் அணையுற வரைக்கும் விடாதீங்க. நெட்இன்ஸ்டால் பட்டியல்ல பெட்டி தெரிஞ்சதும் பொத்தானை விடலாம். இதுல பெரும்பாலும் செட்டிங் போயிடும், அதனால நல்லா இருக்கும்போதே "எக்ஸ்போர்ட்" போட்டு ஃபைலை வெளிய எடுத்து வச்சுடுங்க. பெட்டிக்குள்ளயே வச்சா பிரயோஜனம் இல்லை.

கிந்தாக்கரை

ஏறிடுச்சு! நீட்டிப்பைக் கழட்டினதும் 57600-ல ஒரே ஓட்டமா போச்சு. "பூட் ஃபிளாஷ்:" போட்டு ஃபைல் பெயர் கொடுத்தேன், வரிசையா # குறி ஓடி ஐஓஎஸ் 15.0 வந்துடுச்சு. பழைய ஹோஸ்ட்நேம், விஎல்ஏஎன் எல்லாம் அப்படியே இருக்கு. கேமரா விஎல்ஏஎன் தனி, பிள்ளைங்க விஎல்ஏஎன் தனி. கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவர் குரலே மாறிப்போச்சு.

இன்னும் ரேக்ல ஏத்தலை. அதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

நெட்வொர்க் அக்கா

ரொம்ப சந்தோஷம் தம்பி!

ஏத்துறதுக்கு முன்னாடி ஃபிளாஷ்ல விழுந்த ஃபைலை "வெரிஃபை /எம்டி5" போட்டுக் கோயில் எண்ணோடு ஒப்பிடுங்க. பூட் ஆச்சுன்னா சரியாத்தான் இருக்கும், இருந்தாலும் பாருங்க. பிறகு "பூட் சிஸ்டம்" கட்டளையில இந்த ஃபைலைக் குறிச்சு, "ஷோ பூட்" போட்டு பாதை சரியா விழுந்திருக்கான்னு பார்த்து, "ரைட் மெமரி". இதைச் செய்யலைன்னா அடுத்த தடவை கரண்டு போனப்ப அது திரும்பப் பழைய, இல்லாத பெயரைத் தேடிக்கிட்டு நிக்கலாம். பலர் இந்த இடத்துலதான் மறுபடி மாட்டுறாங்க.

பூட் லோடர் வேகம் 57600-ல நிக்குது, நினைவிருக்கா? ஒரு தடவை அங்க போய் "செட் பாட் 9600" போட்டுடுங்க. இந்த மாடல்ல கரண்டை எடுத்துட்டு, திரும்பக் கொடுத்த உடனே, சிஸ்டம் விளக்கு பச்சையா மினுக்கும்போதே முன்பக்கத்து மோட் பொத்தானை அழுத்திக்கிட்டு இருந்தா "சுவிட்ச்:" வரும். அடுத்து யாராவது 9600-ல வயர் போட்டுக் குப்பை எழுத்தைப் பார்த்து, பெட்டி செத்துடுச்சுன்னு ஈப்போவுக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது.

அப்புறம் கூலிம் தம்பி சொன்ன டெல்நெட், விஸ்டாக். அதை இன்னிக்கே முடிங்க.

கூலிம்_டெக்

இன்னொன்னு சேர்த்துக்கிறேன். கோயில் சுவிட்சையும் விட்டுடாதீங்க. அதுலயும் விஸ்டாக் திறந்துதான் இருக்கும். ரெண்டு மண்டபமும் ஒரே லைன்ல இருந்தா ஒரு கதவை மூடி ஒன்னைத் திறந்து வச்ச கதைதான்.

வாழ்த்துகள். இது மீளும்னு நான் முதல்ல நம்பலை.

எக்ஸ்சேஞ்ச் ஐயா

தம்பி, காமிராவுக்கும் சுவிட்சுக்கும் ஒரே பிளக் பலகையில் மின்சாரம் கொடுத்திருந்தால் பிரிக்கவும். மின்னல் பெரும்பாலும் வெளியே ஓடும் நீண்ட செம்பு வயர் வழியாகத்தான் உள்ளே வருகிறது. கூரையோர கேமரா வயர் அப்படிப்பட்டது. வெளியே செல்லும் ஒவ்வொரு வயருக்கும் மின்னல் தடுப்பு வைத்து, அதை முறையான எர்த்தில் சேர்க்கவும். எர்த் இல்லாத தடுப்பு வெறும் பெட்டி. மண்டபத்தின் எர்த் கம்பியை ஒரு வயர்மேனைக் கொண்டு அளந்து பார்ப்பது நல்லது.

வயர்மேன்_தாப்பா

அளக்கிற மீட்டர் என்கிட்ட இருக்கு. சுங்கை சிப்புட் பக்கம் வேலை வரும்போது தனிச்செய்தி போடுறேன், வந்து பார்த்துத் தர்றேன். காசு வேண்டாம். ஈஎல்சிபி சும்மா தட்டுதா, உண்மையிலேயே கசிவு இருக்காங்கிறதையும் சேர்த்துப் பார்த்துடலாம்.

கிந்தாக்கரை

அண்ணே, வாங்க, கட்டாயம் வாங்க. மத்தியானச் சாப்பாடு எங்க வீட்டுல.

பூட் பாதை குறிச்சாச்சு, எம்டி5 ஒத்துப்போச்சு, டெல்நெட் மூடியாச்சு, விஸ்டாக் ரெண்டு சுவிட்ச்லயும் எடுத்தாச்சு, பாட் 9600-க்குத் திரும்பிடுச்சு. இமேஜையும் கான்ஃபிக்.டெக்ஸ்டையும் ஒரு பென்டிரைவ்ல போட்டு, பழைய நோட்டை எடுத்துட்டு இந்த இழையில உள்ள வரிசையைக் கையால எழுதி ரெண்டையும் கமிட்டி அலமாரியில வச்சிருக்கேன். எனக்குப் பிறகு வர்றவங்களுக்கு.

கடைசியா ஒரு கேள்வி. இனிமே அப்டேட் பண்ணணும்னா எந்த வழி நல்லது, காப்பியா ஆர்கைவா?

நெட்வொர்க் அக்கா

ஆர்கைவ் கட்டளை டார் ஃபைலைக் கேட்கும், பின் இல்லை. "ஆர்கைவ் டவுன்லோட்-எஸ்டபிள்யூ"க்குப் பிறகு "/லீவ்-ஓல்ட்-எஸ்டபிள்யூ"ன்னு சேர்த்தா பழைய இமேஜை விட்டு வைக்கும். "/ஓவர்ரைட்"டுன்னு போட்ட எடுத்துக்காட்டு நிறைய இடத்துல பார்ப்பீங்க, அதை அப்படியே தட்டாதீங்க. உங்களுக்கு நான் சொல்றது சாதாரண காப்பிதான், அதுல என்ன நடக்குதுன்னு கண்ணால பார்க்கலாம்.

ரெண்டு இமேஜும் உள்ள இருக்கும்போது "பூட் சிஸ்டம்" வரியில புதுசை முதல்ல எழுதி, அரைப்புள்ளி போட்டு, பழசை ரெண்டாவதா எழுதலாம். முதலாவது எழும்பலைன்னா தானா ரெண்டாவதுக்குப் போகும். இப்போதைக்கு உங்ககிட்ட ஒன்னுதான் இருக்கு. கோயில் ஃபிளாஷ்ல பழைய 12.2 மிச்சம் கிடக்கான்னு பாருங்க. இருந்தா அதை எடுத்து ரெண்டாவதா வைக்கலாம், ஆனா அவசரத்துக்கு மட்டும். அதுல பூட் ஆச்சுன்னா கூலிம் தம்பி சொன்ன ஓட்டையெல்லாம் திரும்ப வந்துடும்.

இப்போ எதையும் தொடாதீங்க. எஸ்பிஎம் முடியட்டும்.